வட அமெரிக்கப் பாம்புகள்: எந்தப் புத்தகத்தை எதற்கு நம்பலாம்?

அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ வந்து, வார இறுதிகளில் காட்டுப் பாதைகளில் நடக்க ஆரம்பித்தால் என்றைக்காவது ஒரு பாம்பு கண்ணில் படும். படம் எடுத்து வந்து நான்கு பேரிடம் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சரி, ஒரு நல்ல புத்தகமே வாங்கிவிடலாம் என்று தேடினால் வாயைப் பிளந்த ராட்டில்ஸ்னேக் (வாலில் கிலுகிலுப்பை உள்ள விஷப் பாம்பு) அட்டையோடு புத்தகங்கள் வரிசை கட்டி நிற்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் முழிக்கிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஒரு பாம்புப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. அந்தப் பாம்பு என்ன தின்னும், முட்டையிடுமா குட்டி போடுமா, முதுகில் செதில் எத்தனை வரிசை என்பதெல்லாம் 1957-இல் கவனமாகப் பார்த்து எழுதியிருந்தால் இன்றைக்கும் செல்லும். அறிவியல் பெயர்கள் மாறிவிடும். எங்கெல்லாம் வாழ்கிறது என்ற வரைபடம் கொஞ்சம் மாறும். கடித்தால் என்ன செய்வது என்ற பக்கமோ, பழைய புத்தகமாக இருந்தால், உயிருக்கே ஆபத்தானது. அதனால் ‘இது நம்பகமான புத்தகமா’ என்று மொத்தமாகக் கேட்காமல், ‘இதில் எந்தப் பகுதியை எதற்கு நம்பலாம்’ என்று பிரித்துக் கேளுங்கள்.

இடத்தை முடிவு செய்யுங்கள்

அட்டையில் ‘வட அமெரிக்கா’ என்று இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் மெக்சிகோவுக்கு வடக்கே உள்ள பகுதிதான் இருக்கும், அதாவது அமெரிக்க ஐக்கிய நாடும் கனடாவும். மெக்சிகோவில் பாம்பு இனங்கள் மிக அதிகம், இந்த இரண்டு நாடுகளையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது, அதற்குத் தனிப் புத்தகம்தான் வேண்டும். இந்த இரண்டு நாட்டுக்குள்ளேயும் ஊருக்கு ஊர் நிலைமை வேறு. அரிசோனாவில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட ராட்டில்ஸ்னேக் இனங்கள் உண்டு. ஒன்டாரியோவில் இன்றைக்கு இருக்கிற ஒரே விஷப் பாம்பு மசாசாகா என்கிற சின்ன ராட்டில்ஸ்னேக், அதுவும் பெரும்பாலும் ஜார்ஜியன் பே கரையிலும் புரூஸ் தீபகற்பத்திலும்தான். டொராண்டோவின் ஸ்கார்பரோவிலிருந்து கோடையில் கூடாரம் போட அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அரிசோனா வரைக்கும் அளக்கிற தடிப் புத்தகம் எதற்கு? அவர்களுக்கு ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் வெளியிட்ட ஒன்டாரியோ ஊர்வனக் கையேடு போதும்.

ஆகவே உங்கள் மாநிலம் எது, உங்கள் கேள்வி என்ன என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். கொல்லைப்புறத்தில் வந்தது என்ன பாம்பு என்று தெரிந்தால் போதுமா, இல்லை அது எப்படி வாழ்கிறது என்றும் படிக்க ஆசையா? இரண்டுக்கும் வேறு வேறு புத்தகம்.

பெயர்ப் பட்டியல் இலவசம், அதை முதலில் எடுங்கள்

புத்தகம் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். எஸ்எஸ்ஏஆர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஊர்வன, நீர்நில வாழ்வன ஆய்வுச் சங்கம் மெக்சிகோவுக்கு வடக்கே உள்ள இனங்களின் அறிவியல் பெயர், ஆங்கிலப் பெயர் எல்லாம் சேர்த்து ஒரு பட்டியல் வெளியிட்டு, சில வருடங்களுக்கு ஒருமுறை திருத்துகிறது. பிடிஎஃப் இலவசம். எந்தப் பெயரில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை என்பதையும் அதிலேயே குறிப்பாகச் சொல்லியிருப்பார்கள். இருப்பதில் புதிய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

இது எதற்கு என்றால், பெயர்களை வைத்தே ஒரு புத்தகத்தின் வயதைச் சொல்லிவிடலாம். கறுப்பு எலிப்பாம்பை எலாஃபே என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் குழு) போட்டிருந்தால் அந்தப் பக்கம் 2002-க்கு முன்பு எழுதப்பட்டது, அல்லது அதற்கப்புறம் எழுதியவர் திருத்தவில்லை. இப்போது அது பாந்தெரோஃபிஸ். சாதாரண நீர்ப்பாம்பை நெரோடியா என்று சொல்லாமல் நாட்ரிக்ஸ் என்று சொன்னால் இன்னும் பழசு, 70-களின் பிற்பகுதிக்கு முந்தையது. விஷமில்லாத மில்க் ஸ்னேக் முழுவதையும் ஒரே இனமாகவும் அதற்குள் ஏகப்பட்ட துணையினங்களாகவும் வைத்திருந்தால் 2014-க்கு முந்தைய பார்வை, அந்த வருடம்தான் அதைப் பல இனங்களாகப் பிரித்தார்கள். காப்பர்ஹெட் என்கிற விஷப் பாம்பை இரண்டு இனமாகப் பிரித்தது 2015-இல். பழைய பெயர் இருக்கிறது என்பதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம், பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் சரியாகிவிடும். ஆனால் 2020-க்குப் பிறகு அச்சான ‘புத்தம் புதிய’ புத்தகத்தில் இன்னும் எலாஃபே என்று இருந்தால், எழுதியவர் பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

கள வழிகாட்டி: கிழக்கா, மேற்கா?

ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பீட்டர்சன் கள வழிகாட்டி வரிசையில் உங்கள் பக்கத்துக்கு உரியதை வாங்குங்கள், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கிழக்குப் பகுதிக்கானதை ரோஜர் கோனன்ட் 1958-இல் எழுதினார். அமெரிக்காவின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் நூறாவது மேற்குத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே உள்ள எல்லாம் அதில் வரும், பின்னால் வந்த பதிப்புகளில் நடுப்பகுதியையும் சேர்த்தார்கள். நான்காம் பதிப்பு 2016-இல் ராபர்ட் பவல், கோனன்ட், ஜோசப் காலின்ஸ் மூவர் பெயரிலும் வந்தது. மேற்குக்கானது ராபர்ட் ஸ்டெபின்ஸ் எழுதியது, முதல் பதிப்பு 1966, நான்காம் பதிப்பு 2018-இல் சாமுவேல் மெக்கினிஸோடு சேர்ந்து. ஸ்டெபின்ஸ் தன் புத்தகத்துக்கான ஓவியங்களைத் தானே வரைந்தவர், ஒரு பாம்பின் கழுத்துப் பட்டை எங்கே ஆரம்பிக்கிறது என்பதை ஒளிப்படத்தைவிட அந்த ஓவியங்களில் தெளிவாகப் பார்க்கலாம். வாங்கும்போது பதிப்பு எண்ணைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் பழைய பதிப்புகளும் அதே மாதிரி தலைப்போடு மலிவாகக் கிடைக்கும், விவரம் தெரியாமல் 1975 பதிப்பை வாங்கிவிட்டுப் பெயர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இந்த இரண்டிலும் பாம்போடு தவளை, பல்லி, ஆமை எல்லாம் இருக்கும். பாம்பு மட்டும் போதும் என்கிறவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

மாநிலப் புத்தகம்

புதியவர்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. கண்டம் முழுவதும் உள்ள பாம்புகளில் தேடுவதைவிட உங்கள் மாநிலத்தில் இருப்பவற்றுக்குள் தேடுவது எவ்வளவோ சுலபம், தப்பாகச் சொல்லிவிடுகிற வாய்ப்பும் குறைவு. ஜார்ஜியா, கரோலினா, அலபாமா, ஃபுளோரிடா பக்கம் இருப்பவர்கள் விட் கிப்பன்ஸும் மைக் டார்காஸும் எழுதிய ‘ஸ்னேக்ஸ் ஆஃப் த சவுத்ஈஸ்ட்’ வாங்கலாம். ஜார்ஜியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2005-இல் வெளியிட்டது, 2015-இல் திருத்திய பதிப்பு வந்தது. நல்ல படங்கள், எளிய ஆங்கிலம், பள்ளிக்கூடப் பிள்ளைகளே படிக்கலாம். டெக்சாஸுக்கு ஜான் வெர்லரும் ஜேம்ஸ் டிக்சனும் எழுதிய ‘டெக்சாஸ் ஸ்னேக்ஸ்’, அது 2000-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் வந்தது. ஹூஸ்டன், டாலஸ் பக்கம் இருப்பவர்களுக்கு நூலகத்திலேயே கிடைக்கலாம். உங்கள் மாநிலத்துக்கு என்ன இருக்கிறது என்று பார்க்க, அந்த மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் பட்டியலையும் வனவிலங்குத் துறையின் பக்கத்தையும் பாருங்கள். மாநில வனவிலங்குத் துறைகள் பல, பாம்புகளைப் பற்றிச் சின்னக் கையேடுகளை இலவசமாகவே தருகின்றன, அவை மெலிதாக இருந்தாலும் உள்ளூர் விஷயத்தில் மிக நம்பகமானவை.

வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கடையிலோ நூலகத்திலோ புத்தகம் கையில் இருக்கும்போது, அல்லது இணையத்தில் மாதிரிப் பக்கங்கள் தெரியும்போது, சில குறிப்பிட்ட இடங்களைத் திறந்து பார்த்தாலே அதன் தரம் தெரிந்துவிடும்.

கோரல் ஸ்னேக் பக்கத்தைத் திறங்கள். நம் நல்லபாம்பும் கட்டுவிரியனும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம் இது. சிவப்பும் மஞ்சளும் ஒட்டினால் விஷம், சிவப்பும் கறுப்பும் ஒட்டினால் பயமில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பாட்டு உண்டு, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அமெரிக்காவுக்குள் அது பெரும்பாலும் சரிவரும். ஆனால் மெக்சிகோவுக்குள்ளும் அதற்குத் தெற்கேயும் போனால் சுத்தமாக எடுபடாது, அமெரிக்காவிலேயே நிறம் மாறிப் பிறந்த கோரல் ஸ்னேக்கும் உண்டு, அரிசோனாவின் ஷவல்நோஸ்டு ஸ்னேக்கோ சிவப்பும் மஞ்சளும் ஒட்டியிருந்தும் மனிதரை ஒன்றும் செய்யாதது. இந்த எச்சரிக்கைகளோடு பாட்டைச் சொல்கிறதா என்று பாருங்கள். பாட்டை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தினால் மற்ற பக்கங்களிலும் அதே அவசரம்தான் இருக்கும்.

அடுத்து, விஷப் பாம்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பக்கம். முக்கோணத் தலை, பூனைக்கண் என்று இரண்டு வரியில் முடித்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள். விஷமில்லாத நீர்ப்பாம்பு மிரண்டால் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகக் காட்டும். கோரல் ஸ்னேக்குக்கு வட்டக் கண்மணிதான், தலையும் சின்னது. ராட்டில்ஸ்னேக், காப்பர்ஹெட், காட்டன்மவுத் ஆகிய குழிவிரியன்களுக்கு, அதாவது கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே குழி உள்ள விஷப் பாம்புகளுக்கு, நீள்வட்டக் கண்மணி என்பது உண்மைதான், ஆனால் இருட்டில் அது விரிந்து வட்டமாகத் தெரியும், அதோடு கண்மணியைப் பார்க்கிற தூரத்துக்கு யார் போகச் சொன்னார்கள்? நல்ல புத்தகம் உடல் கோலம், வாழிடம், பரவல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும்.

மூன்றாவதாகக் குட்டிகளின் படம். கறுப்பு ரேசர், கறுப்பு எலிப்பாம்பு இரண்டும் வளர்ந்தபிறகுதான் கறுப்பு, குட்டியில் சாம்பல் உடம்பில் திட்டுத் திட்டாக இருக்கும். ஒவ்வொரு வருடமும் கோடைக் கடைசியில் இந்தக் குட்டிகளைக் காப்பர்ஹெட் என்று நினைத்து அடித்துக் கொல்கிறார்கள், எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம். வளர்ந்த பாம்பின் படத்தோடு குட்டியின் படத்தையும் போட்டிருக்கும் புத்தகம் அனுபவம் உள்ளவர் எழுதியது.

நான்காவது, வரைபடம். காட்டன்மவுத் பக்கத்தைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் அதன் வடக்கு எல்லை வர்ஜீனியாவின் தென்கிழக்கு மூலை. நியூ ஜெர்சியில் அது கிடையாது. அங்கே ஏரியில் ‘வாட்டர் மொக்காசின்’ (காட்டன்மவுத்தின் இன்னொரு பெயர்) பார்த்தேன் என்று சொல்பவர்கள் பார்த்தது அநேகமாக வடக்கு நீர்ப்பாம்பு, விஷமில்லாதது. வரைபடம் மாநிலம் முழுவதற்கும் ஒரே நிறத்தை அப்பியிருந்தால் நம்பாதீர்கள், கவுண்டி (மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்டம்) வாரியாகவோ ஆதாரப் புள்ளிகளோடோ இருந்தால் உழைத்திருக்கிறார்கள். டிம்பர் ராட்டில்ஸ்னேக்கைப் பாருங்கள், கனடாவிலிருந்து அது எப்போதோ அழிந்துபோனது, மெய்ன், ரோட் ஐலண்ட் மாநிலங்களிலும் இல்லை. முன்பு இருந்த இடத்தையும் இப்போது இருக்கும் இடத்தையும் தனித்தனியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஃபுளோரிடா புத்தகம் என்றால் கூடுதலாக ஒரு சோதனை. எவர்கிளேட்ஸில் பர்மிய மலைப்பாம்பு நிலையாகப் பெருகிவிட்டது என்று 2000 வாக்கில்தான் ஏற்றுக்கொண்டார்கள், அதனால் அதற்கு முந்தைய புத்தகங்களில் தேடினாலும் சரியாகக் கிடைக்காது. நம் ஊர்ப் பூந்தொட்டிகளில் மண்புழு மாதிரி நெளிகிற புழுப்பாம்பும் செடிகளின் மண்ணோடு பயணம் செய்து ஃபுளோரிடாவில் குடியேறியிருக்கிறது. அந்த இனத்தில் எல்லாமே பெண், ஆண் இல்லாமலே இனம் பெருகும், ஒன்று போய்ச் சேர்ந்தாலே போதும். வந்தேறிப் பாம்புகளையும் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக முதலுதவிப் பக்கம், இதில் சமரசமே வேண்டாம். 1950, 60-களின் புத்தகங்கள் பலவற்றில் இறுக்கிக் கட்டு, கத்தியால் கீறு, உறிஞ்சு என்று எழுதியிருக்கும், சிலவற்றில் ஐஸ் வைக்கச் சொல்லியிருக்கும். இதெல்லாம் சதையை அழுக வைத்துக் கை கால்களையே இழக்க வைத்த முறைகள், இப்போது மருத்துவர்கள் எதையும் ஏற்பதில்லை. கயிறு கட்டுகிற பழக்கம் நமக்கும் ஊரிலிருந்தே இருப்பதால் அந்தப் பக்கத்தைப் படித்ததும் சரிதானே என்று தோன்றிவிடும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட இடத்தை ஆட்டாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் 911, விஷத் தகவல் மையத்துக்கு 1-800-222-1222. விஷமுறிவு மருந்தைப் பற்றிய பகுதியிலும் வருடத்தைப் பாருங்கள்: இப்போது பரவலாகப் பயன்படும் க்ரோஃபாப் 2000-இல்தான் அனுமதி பெற்றது, அதற்கு முந்தைய புத்தகம் பேசுவது வேறு மருந்தை.

ஆசிரியர் யார் என்று தேடிப் பார்ப்பதை மறக்காதீர்கள். அருங்காட்சியகம், பல்கலைக்கழகம், வனத்துறை, ஆய்விதழ் என்று எங்கேயும் தடம் இல்லாத பெயர், பின்னால் மேற்கோள் நூல்கள் இல்லை, படம் எந்த மாவட்டத்தில் எடுத்தது என்ற குறிப்பு இல்லை, அதே ஆசிரியர் பெயரில் காளான், தையல், நாய் வளர்ப்பு என்று வேறு புத்தகங்களும் இருக்கின்றன என்றால் காசைக் கொடுக்காதீர்கள். வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களுக்கான புத்தகங்கள் வேறு வகை. தீனி, கூண்டு, வெப்பம் பற்றி அதில் நல்ல தகவல் இருக்கலாம், காட்டில் பார்த்ததை அடையாளம் காண உதவாது.

பெரிய புத்தகங்கள்

அடையாளம் காண்பது பழகிவிட்டால் அப்புறம் ஆசை வளரும். அப்போது எடுக்க வேண்டியது கார்ல் எர்ன்ஸ்ட், ஈவ்லின் எர்ன்ஸ்ட் இருவரும் எழுதி 2003-இல் ஸ்மித்சோனியன் வெளியிட்ட ‘ஸ்னேக்ஸ் ஆஃப் த யுனைடெட் ஸ்டேட்ஸ் அண்ட் கனடா’. ஒவ்வொரு இனத்துக்கும் உணவு, இனப்பெருக்கம், எதிரிகள், நடமாட்டம் என்று அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டித் தந்திருக்கிறார்கள், ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்றும் இருக்கும். சும்மா புரட்டிப் படிக்கிற புத்தகம் இல்லை, கேள்வியோடு போனால் பதில் தரும். விஷப் பாம்புகளுக்கு மட்டும் ஜோனதன் கேம்ப்பெல், வில்லியம் லமார் எழுதிய இரண்டு தொகுதிகள் 2004-இல் கார்னெல் பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் வந்தன, இரு அமெரிக்கக் கண்டங்களுக்கும் சேர்த்து. விலை அதிகம், நூலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பின்னால் போனால் ஆல்பர்ட் ரைட், அன்னா ரைட் தம்பதியின் 1957-ஆம் வருடக் கையேடு, இரண்டு தொகுதி, ஆயிரம் பக்கத்துக்கு மேல். எர்ன்ஸ்ட் இருவரும் கணவன் மனைவிதான், கோனன்ட் புத்தகத்தின் படங்களை எடுத்துக் கையால் வண்ணம் தீட்டியதும் அவர் மனைவி இசபெல்தான். இந்தத் துறையின் அடிப்படை நூல்கள் இத்தனையும் இருவராகச் சேர்ந்து உழைத்ததில் வந்திருக்கின்றன, எனக்கு அது பிடித்திருக்கிறது.

ராட்டில்ஸ்னேக் மேல் தனி ஈர்ப்பு இருந்தால் லாரன்ஸ் கிளாபரை விடாதீர்கள். சான் டியேகோவில் மின்சார, எரிவாயு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு வரை போன பொறியாளர், பாம்பு அவருக்குத் தொழிலே இல்லை. 1956-இல் ராட்டில்ஸ்னேக் பற்றி அவர் இரண்டு தொகுதி எழுதினார், 1972-இல் இரண்டாம் பதிப்பு வந்தது, 1982-இல் சுருக்கிய பதிப்பும் வந்தது. வாலில் அந்தக் கிலுகிலுப்பை எப்படி வளர்கிறது, பாம்பைப் பற்றி மக்கள் என்னென்ன கதை சொன்னார்கள் என்பதையெல்லாம் அவ்வளவு பொறுமையாக யாரும் எழுதவில்லை. அந்தப் பகுதிகளை மனம் நிறையப் படியுங்கள். பெயர்களைப் புதிய பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கடி சிகிச்சை அத்தியாயத்தை வரலாறாக மட்டும் படியுங்கள்.

எப்படிக் கையில் கிடைக்கும்?

எதையும் உடனே வாங்க வேண்டாம். உள்ளூர்ப் பொது நூலகத்தில் கேளுங்கள், அங்கே இல்லாவிட்டால் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள், பல இடங்களில் கட்டணமே இல்லை. பல்கலைக்கழக நூலகங்களின் புத்தகங்களும் இப்படி வந்துசேரும். எர்ன்ஸ்ட், கேம்ப்பெல் மாதிரி கனமான புத்தகங்களை இப்படி ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பத் திரும்பத் தேவைப்பட்டால் மட்டும் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். அங்கே தேடும்போது தலைப்பை நம்பாமல் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்துத் தேடினால் பதிப்பு மாறாது. இரண்டு தொகுதிப் புத்தகம் என்றால் விலை இரண்டுக்கும் சேர்த்தா ஒன்றுக்கா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். காப்புரிமை முடிந்த மிகப் பழைய நூல்கள் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரியில் இலவசம். புதிதாக வரும் புத்தகங்களுக்கு ‘ஹெர்ப்பெட்டலாஜிக்கல் ரிவ்யூ’ என்ற இதழில் துறை ஆட்களே மதிப்புரை எழுதுகிறார்கள், கடைத்தளத்தின் நட்சத்திரங்களைவிட அதில் வரும் இரண்டு பத்தி மேல்.

வாங்கிய புத்தகத்தை அப்படியே வைக்காதீர்கள். ஒரு பென்சில் எடுத்து, மாறிப்போன ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் புதிய பெயரை எழுதுங்கள், உங்கள் கவுண்டியில் உள்ள இனங்களுக்கு ஓரத்தில் குறி போடுங்கள், முதலுதவிப் பக்கம் பழசாக இருந்தால் குறுக்கே கோடு போட்டு மேலே சொன்ன தொலைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது அவசரத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்கக்கூடும்.